பட்டாளத்திலிருந்து வந்தவர் தூங்குகிறாரா?

மகாபாரதத்தின் பதினெட்டுப் பருவங்களில் மிக நீளமானது போர் முடிந்தபின் வரும் சாந்தி பருவம். வென்றவன் தருமன்தான். ஆனால் கர்ணன் தன் அண்ணன் என்று குந்தி சொல்லக் கேட்டதும் அவனுக்கு அரியணை கசந்துவிடுகிறது. காட்டுக்குப் போகிறேன் என்கிறான். தம்பிகள், திரௌபதி, வியாசர், கண்ணன் என்று ஒவ்வொருவராக அவனிடம் பேசுகிறார்கள். ஒருவரும் அவனைத் தனியே விடவில்லை. கிரேக்கரின் ஒடிசியில், பாடகன் டிராய்ப் போரைப் பாடக் கேட்ட ஒடிசியஸ் மேலாடையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறான். பக்கத்திலிருந்த அரசன் அதைக் கவனித்துப் பாட்டை நிறுத்தச் சொல்கிறான். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்கு மருத்துவம் பார்த்த ஜோனதன் ஷே, இந்த ஒடிசியஸை முன்வைத்தே 2002-இல் ஒரு நூல் எழுதினார்.

தமிழில் பரவலாகப் பயிலப்பட்ட வில்லிபாரதமோ சாந்தி பருவத்துக்கு முன்பே நிறைவடைகிறது. நம் ஊர்களிலும் ஓய்வு பெற்று வருபவருக்கு மாலை போட்டதோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். அப்புறம்தான் இரவுகள் வருகின்றன. திடுக்கிட்டு எழுவார். தீபாவளி வெடிச் சத்தத்தில் உடம்பு விறைக்கும். கூட்டத்தில் முதுகைச் சுவரோடு சேர்த்தே உட்காருவார். மாதக்கணக்கில் இப்படியே நீடித்தால் அது குணக்கேடு அல்ல, நோய். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதை பி.டி.எஸ்.டி. என்ற பெயரில் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. எல்லா வீரர்களுக்கும் இது வருவதில்லை. வந்தவர்களுக்குப் பேச்சுச் சிகிச்சையும் மருந்தும் உண்டு. தூக்கத்துக்காகக் குடிப்பது மட்டும் நோயை முற்றவே வைக்கும்.

நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: பணியில் இருக்கும்போதே மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மருத்துவத் தகுதியைக் குறிக்கும் கேட்டகிரி இறங்கிவிடும், பதவி உயர்வு போய்விடும் என்ற பயத்தில் பலரும் மறைக்கிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பின்னாளில் இயலாமை ஓய்வூதியம் கேட்கும்போது கையில் ஒரு தாளும் இருக்காது. அந்த ஓய்வூதியம் கிடைக்க, பணியிலிருந்து விடுவிக்கும்போது கூடும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு இயலாமையை 20 சதவீதமோ அதற்கு மேலோ மதிப்பிட வேண்டும்; அது பணியால் வந்தது அல்லது பணியால் முற்றியது என்றும் ஏற்கப்பட வேண்டும். படையில் சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், பணியால் வரவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் மனநோய்களுக்கு இதை இயந்திரம்போலப் பொருத்த முடியாது என்று 2019-இல் அதே நீதிமன்றம் கூறிவிட்டது. எந்த முகாமில், எந்தச் சம்பவத்துக்குப் பின், எப்போது தொடங்கியது என்ற பழைய மருத்துவக் குறிப்பு இங்கேதான் கைகொடுக்கும். 2023-இல் இந்த ஓய்வூதியத்துக்கான தகுதி விதிகளும் மாறியுள்ளன. எனவே எந்த ஆண்டில் ஓய்வு பெற்றவர் என்பதைச் சொல்லி வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். துறைக்குள் மேல்முறையீடு உண்டு. அதற்கும் மேலே ஆயுதப்படைத் தீர்ப்பாயம், அதன் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. இறுதி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் அங்கே போவது நல்லது. தாமதமானாலும் ஓய்வூதிய வழக்குகள் ஏற்கப்படுவதுண்டு. ஆனால் 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றின்படி நிலுவைத் தொகை பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. மனுக்களை எழுதவும் அனுப்பவும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். சிகிச்சைக்கு, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.-இன் பாலிகிளினிக்கில் தொடங்கலாம்.

தற்கொலைக்கு முயன்றவரைப் போலீஸ் கேஸுக்குப் பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் இருக்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சை தரும் கடமையை அரசுக்கு விதிக்கிறது. அரசின் டெலி மானஸ் எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். பாதிக்கப்பட்டவர் பேச மறுத்தால் மனைவியோ மகளோ அம்மாவோ அழைத்து, என்ன செய்வது என்று கேட்கலாம்.