சேரக் கேட்டதும் இதே நகரம்

கனடாவை அமெரிக்காவோடு இணைத்துவிட வேண்டும் என்று 1849-இல் பகிரங்க அறிக்கை விட்டவர்கள் மொன்றியல் வணிகர்கள். முந்நூறுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். பிரிட்டன் 1846-இல் தானியச் சட்டங்களை நீக்கியதும், கனடாக் கோதுமைக்கு அங்கே கிடைத்துவந்த வரிச்சலுகை போய், வியாபாரம் படுத்துவிட்டது. பழைய எசமான் கைவிட்டால் பக்கத்துப் பெரிய வீட்டை அண்ட வேண்டியதுதானே என்பது அவர்கள் கணக்கு. கையெழுத்திட்டவர்களில் ஒருவரான ஜான் அபொட், 1891-இல் கனடாவின் பிரதமராகவே வந்தார்!

அமெரிக்காவுடன் இராணுவ உறவு தொடங்கியதும் இதே போலத்தான். 1940 கோடையில் பிரான்ஸ் விழுந்தது. பிரிட்டன் தப்புமா என்பதே சந்தேகம். ஆகஸ்ட்டில் பிரதமர் மக்கென்சி கிங், எல்லையை அடுத்த ஒக்டன்ஸ்பர்க்கில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டைச் சந்தித்தார். கூட்டுப் பாதுகாப்புக் குழு பிறந்தது. 1958-இல் இரு நாட்டு வான்காவலும் நோராட் என்ற ஒரே தலைமையின் கீழ் வந்தது.

சாய்ந்த பிறகு நிமிர்வது லேசில்லை. சோவியத் குண்டுவீச்சு விமானங்களைத் தடுக்கக் கனடா வாங்கிய 56 போமார்க் ஏவுகணைகளில் பாதி, மொன்றியலுக்கு வடமேற்கே லா மக்காசாவில் நின்றன. அவற்றுக்கான அமெரிக்க அணுகுண்டு முனைகளை ஏற்காமல் பிரதமர் டீஃபன்பேக்கர் இழுத்தடித்தார். அந்தச் சர்ச்சையில் 1963 பிப்ரவரியில் அவரது ஆட்சியே கவிழ்ந்தது. அடுத்து வந்த லெஸ்டர் பியர்சன், அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர், முனைகளை ஏற்றார். மொன்றியலின் 'சிட்டே லீப்ர்' இதழில் அவரைக் கிழித்தெடுத்தவர் பியேர் ட்ரூடோ. 1965-இல் அதே பியர்சனின் கட்சியில் நின்று எம்.பி. ஆனவரும் அவர்தான், அரசியலில் இதெல்லாம் சகஜம். 1968-இல் பிரதமரானார். ஏவுகணைகள் 1972-இல் ஓய்வு பெற்றன. நோராடை விட்டு மட்டும் ட்ரூடோவும் விலகவில்லை.

ஆனாலும் அமெரிக்காவிடம் முடியாது என்று சொன்ன தருணம் உண்டு. 2003-இல் ஈராக் போருக்கு எதிராக மொன்றியல் தெருக்களில் பிப்ரவரிக் குளிரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள்; அடுத்த மாதம் பிரதமர் கிரேத்தியன் படை அனுப்ப மறுத்தார். கூட்டணி உடையவில்லை.

2025-இல் அடி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. அமெரிக்க அதிபர் ட்ரம்ப் கனடாவை 51-ஆவது மாநிலம் என்றார், வரியும் போட்டார். மொன்றியலின் பெல் சென்டர் ஹாக்கி அரங்கில் அமெரிக்கத் தேசிய கீதத்துக்கு ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். மார்ச்சில் கியூபெக் அரசு மதுக்கடைகளின் அலமாரிகளிலிருந்து அமெரிக்கச் சரக்கு இறங்கியது. ஜூனில் பிரதமர் மார்க் கார்னி பிரஸ்ஸல்ஸ் சென்று, ஐரோப்பிய ஒன்றியத்துடன் பாதுகாப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டார். நோராடில் கனடா அப்போதும் உறுப்பு நாடாகவே இருந்தது.