பத்துக் கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பிழை

கணிப்பொறி நிரலில் நேரும் பிழையை ஆங்கிலத்தில் 'பக்' என்பார்கள். பூச்சி என்று பொருள். பூச்சி என்றால் மருந்தடிக்க வேண்டுமல்லவா? 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலுள்ள எம்.ஐ.டி.யில், பி.டி.பி.-1 என்னும் கணிப்பொறிக்குப் பிழை தேடும் கருவி ஒன்றை எழுதியவர்கள், அதற்கு டி.டி.டி. என்றே பெயர் சூட்டினார்கள். அதற்கு முன் டி.எக்ஸ்.-0 கணிப்பொறியில் இருந்த கருவியின் பெயர் 'ஃபிளிட்'. அதுவும் ஒரு கொசு மருந்தின் பெயர்தான்! அறிஞர்களுக்கும் குறும்பு உண்டு போலும்.

இப்படிப்பட்ட கருவியை 'டிபக்கர்' என்கிறோம். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நாம் விரும்பிய வரியில் நிறுத்தி, "இப்போது உன்னிடம் என்ன இருக்கிறது? அடுத்து எங்கே போகப் போகிறாய்?" என்று கேட்க அது உதவுகிறது. சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் நாம் எழுதிய வரியும் நாம் வைத்த பெயரும் கணிப்பொறிக்குத் தெரியா. அது அறிந்ததெல்லாம் எண்களே. எந்த வரி எந்த எண்களாக மாறிற்று, எந்தப் பெயர் நினைவகத்தில் எங்கே குடியிருக்கிறது என்பதற்கெல்லாம் ஓர் அட்டவணை இருந்தால்தான் டிபக்கர் நம்மோடு நம் மொழியில் பேசும். 'சி' போன்று பலரும் கையாளும் மொழிகளுக்கு இந்த ஏற்பாடு ஆயத்தமாகக் கிடைக்கும். சிலர் மட்டுமே கையாளும் மொழிக்கு, அதுவும் வேறொரு மொழிக்கென்றே அமைந்துவிட்ட பழைய கணிப்பொறியில், யார் அதைச் செய்து தருவார்கள்? அம்மொழியை நேசிக்கிறவர்களே செய்துகொள்ள வேண்டியதுதான்.

செய்துகொண்டதால் என்ன பயன் கிடைத்தது என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சி உண்டு. அமெரிக்காவின் நாசா, 1998 அக்டோபர் 24-ஆம் நாள் 'டீப் ஸ்பேஸ் 1' என்ற விண்கலத்தை ஏவியது. புதிய கருவிகளைச் சோதித்துப் பார்ப்பதே அதன் பணி. அவற்றுள் ஒன்று, பூமியிலிருந்து ஒவ்வொரு கட்டளையாக வராமலே கலத்தைத் தானே நடத்தும் 'ரிமோட் ஏஜென்ட்' என்ற நிரல். கலத்தின் மற்ற நிரல்களெல்லாம் சி மொழியில் இருக்க, இது மட்டும் லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டிருந்தது. ஜான் மெக்கார்த்தி என்பவர் 1958-ல் உருவாக்கிய மொழி லிஸ்ப். அடைப்புக்குறிகள் நிறைந்த மொழி. பார்த்தாலே தலை சுற்றும். ஆனால் அதற்கு ஓர் அருமையான குணம் உண்டு. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனிடம் ஒரு வரியைக் கொடுத்தால், வாசித்து, கணித்து, விடை சொல்லும். பிறகு அடுத்த வரிக்குக் காத்திருக்கும். இந்த வாயிலையும் கலத்தோடு சேர்த்தே அனுப்பியிருந்தார்கள்.

1999 மே 17-ஆம் நாள் ரிமோட் ஏஜென்ட் பொறுப்பேற்றது. மறுநாள் காலை, அது கலத்தின் அயனி எந்திரத்தை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. நிரல் செத்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. செய்திகளை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஓர் இடத்துக்கு மேல் நகரவில்லை. கலமோ ஏறத்தாழப் பத்துக் கோடி கிலோமீட்டர் தொலைவில்! ஒளி வேகத்தில் செல்லும் செய்திக்கே போய்ச்சேர ஐந்து நிமிடத்துக்கு மேலாகும். மேசைக் கணிப்பொறியில் செய்வதுபோல் வரிக்கு வரி நிறுத்தி வேடிக்கை பார்க்க அங்கே வழியில்லை. கேள்வி கேட்கத்தான் முடியும். லிஸ்பின் அந்த வாயில் வழியாகக் கேட்டார்கள். வந்த விடைகளைக் கோத்துப் பிழையைக் கண்டுபிடித்தார்கள்.

அந்தப் பிழையை நம் பள்ளி வழக்கத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். மேரியும் ரோஸும் ஒரு வேலையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ரோஸ் மணி அடித்ததும் மேரி கூடத்துக்கு வர வேண்டும். மேரி வந்த பிறகுதான் ரோஸ் அடுத்த வேலையைத் தொடங்குவாள். மேரி வாசலுக்கு வந்து கேட்கிறாள். மணி இன்னும் அடிக்கவில்லை. சரி, காத்திருப்போம் என்று அவள் உள்ளே திரும்புகிற அந்த ஒரு நொடியில் மணி அடித்து ஓய்ந்துவிடுகிறது. அது அவள் காதில் விழவில்லை. இனி மேரி மணிக்காகக் காத்திருப்பாள், ரோஸ் மேரிக்காகக் காத்திருப்பாள். சாயங்காலம் வரையில் இருவரும் அப்படியே! இருவர் மேலும் குற்றமில்லை. 'மணி அடித்ததா என்று பார்ப்பது', 'காத்திருக்கத் தொடங்குவது' ஆகிய இரண்டுக்கும் நடுவே வேறெதுவும் நுழையக்கூடாது என்று விதி செய்திருக்க வேண்டும். ரிமோட் ஏஜென்ட்டில் ஓரிடத்தில் அந்த விதி விட்டுப்போயிருந்தது. நேரம் அப்படியே பொருந்தி வந்தால்தான் சிக்கும் பிழை என்பதால், பூமியில் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் அது தலைகாட்டவே இல்லை.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. 1997-லேயே நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தார், இதே நிரலின் வேறொரு பகுதியைக் கணித முறையில் ஆராய்ந்து, இதைப் போன்ற பிழையைக் கண்டு சொல்லியிருந்தார்கள். அந்தப் பகுதி திருத்தப்பட்டது. கலத்தில் சிக்கியதோ அதன் உடன்பிறப்பு. ஆராயப்படாத பகுதியில் ஒளிந்திருந்தது.

பிழை தெரிந்ததும் திருத்தம் எழுதினார்கள். அதைக் கலத்துக்கு அனுப்பினார்களா என்றால், இல்லை! போதிய சோதனை செய்யாத திருத்தம் புதிய பிழையைக் கொண்டுவரக்கூடும். பழைய பிழையோ மீண்டும் நேர்வது மிக அரிது என்று எடைபோட்டார்கள். பிழையைக் கண்டுபிடித்ததைவிட, கையில் திருத்தத்தை வைத்துக்கொண்டு அனுப்பாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. பிழை இன்னதென்று உறுதியாகத் தெரியாதவர்களுக்கு அந்தத் துணிவு வந்திருக்குமா?

மே 21-ஆம் நாள், ஆறு மணி நேரச் சோதனையாகச் சுருக்கி மீண்டும் தொடங்கினார்கள். இம்முறை மணிச் சத்தம் தவறவில்லை. எண்ணியிருந்த நோக்கங்கள் அனைத்தும் நிறைவேறின. அதன்பின் டீப் ஸ்பேஸ் 1, 2001 செப்டம்பரில் பொரெல்லி என்னும் வால்மீனை நெருங்கிப் படமெடுத்தது; அவ்வாண்டு டிசம்பரில் ஓய்வு பெற்றது. எழுதிய திருத்தம் பூமியிலேயே தங்கிவிட்டது.