ஜூரோங்கில் வாடகைக்கு அறை

ஜொகூர் பாலம் கடந்து ஜூரோங்கில் வேலைக்குச் சேரும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முதல் கவலை தங்குமிடம்.

1961இல் தொழிற்பேட்டையாக வளரத் தொடங்கிய அவ்வட்டாரத்தில் பெரும்பாலானவை வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகள். அவற்றில் அறையை வாடகைக்கு விட, உரிமையாளர் கழகத்தின் அனுமதி பெறவேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைவாக விடுவதும் விதிமீறல். அனுமதியில்லா அறை மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் கண்டுபிடிக்கப்பட்டால் பிள்ளை தெருவில் நிற்க நேரிடும்.

ஆகவே, முன்பணம் கொடுக்குமுன் அறையை நேரில் பார்க்கட்டும். அனுமதியைச் சரிபார்க்கட்டும். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் பெற்று, முத்திரை வரியும் கட்டட்டும். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது.

தரகர் கையில் வாடகையையோ முன்பணத்தையோ கொடுக்கவே வேண்டாம். கழக வீடுகளுக்கு அவர் அதை வாங்கச் சட்டம் இடந்தரவில்லை. உரிமையாளரிடமே செலுத்தி, ரசீது பெறச் சொல்லுங்கள்.