மண்டையோட்டு அடித்தள முறிவும் இரத்தக்குழாய்க் காயமும்

மண்டையோட்டு அடித்தள முறிவு என்பது மூளையைக் கீழிருந்து தாங்கும் எலும்புகளில் ஏற்படும் முறிவாகும். சாலை விபத்தும் உயரத்திலிருந்து விழுதலும் இதன் முதன்மைக் காரணங்கள். கரிசல் பூமியின் கோவில்பட்டி, மதுரையையும் திருநெல்வேலியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் உள்ளது. சுற்றுக் கிராமத்தினர் இருசக்கர வண்டிகளில் இச்சாலைக்கு வருவதால், இக்காயத்தைப் பற்றிய அறிவு இங்கு உயிர்காக்கும்.

அறிகுறிகள்

மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் அல்லது இரத்தம் கசிதல், கண்களைச் சுற்றிக் கருநீலம் படர்தல், காது மந்தம், முகம் ஒரு பக்கம் கோணுதல் ஆகியவை முக்கியமானவை. காதின் பின்புறக் கன்றிப்போதல் ஓரிரு நாள் கழித்தே தெரியலாம். கசியும் மூக்கையோ காதையோ பஞ்சால் அடைக்கக் கூடாது. மூக்கைச் சிந்தவும் கூடாது.

இரத்தக்குழாய்க் காயம்

மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் கரோட்டிட் தமனி, கடைநுதலெலும்பிலுள்ள கால்வாய் வழியாக மண்டையோட்டினுள் நுழைகிறது. முறிவு அக்கால்வாயைத் தொட்டால் தமனியின் உட்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் உறையும் இரத்தம் மூளைக்குச் சென்று அடைத்தால் பக்கவாதம் உண்டாகும். இது சில மணி நேரமோ சில நாட்களோ கழித்தும் வரலாம். விபத்துக்குப் பின் எழுந்து நடந்து, தெளிவாகப் பேசுபவருக்கும் இந்த ஆபத்து உண்டு. சிலருக்குத் தமனி இரத்தம் கண்ணுக்குப் பின்னுள்ள சிரைக்குழியில் நேரடியாகப் பாய்ந்து, கண் சிவந்து பிதுங்கும்.

சிகிச்சை

சி.டி. ஸ்கேன் முறிவைக் காட்டும். தமனிக் காயத்தை அறிய மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் தேவை. உறைகட்டியைத் தடுக்கும் மருந்து பக்கவாதத்தைத் தவிர்க்க உதவும். மூளைக்குள் இரத்தக்கசிவும் இருந்தால் அதே மருந்து கேடாகலாம் என்பதால், மருத்துவர்கள் இரண்டையும் எடைபோட்டே தொடங்குவர். சில காயங்களைக் குழாய் வழிச் சிகிச்சையால் அடைக்கலாம். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் காயமடைந்தோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

நரம்பு மீட்சி

திரவக் கசிவு பலருக்குப் படுக்கை ஓய்விலேயே நின்றுவிடும். சில நாள் கழித்துத் தோன்றும் முக வாதம், அடிபட்டவுடனே வரும் வாதத்தைவிட நன்றாகக் குணமாகும். பக்கவாதம் வந்தவர்களுக்கு, மூளையின் நலமான பகுதிகள் இழந்த பணிகளில் சிலவற்றை மெல்ல ஏற்கின்றன. உடற்பயிற்சி மருத்துவமும் பேச்சுப் பயிற்சியும் இதற்குத் துணை. ஆனால் அடைப்பினால் இறந்த மூளைத் திசு மீண்டும் உயிர்பெறாது. ஆகவே, பக்கவாதம் வருமுன் தமனிக் காயத்தைக் கண்டறிவதே சிறந்த மீட்சிக்கு வழியாகும்.