மூணு சிலிண்டரும் அம்மாவின் முட்டியும்

கிண்டி தொழிற்பேட்டைக்குள் ஒரு டீக்கடை. சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே போய் நின்றால், உலகத்திலுள்ள எல்லா கார் கம்பெனிகளுக்கும் இலவச ஆலோசனை வழங்கப்படுவதைக் கேட்கலாம். வழங்குபவர்கள் மூன்று பேர். மூவரும் ஆபீஸுக்கு வருவது எலெக்ட்ரிக் ட்ரெயினில் என்பதை நான் வேண்டுமென்றே இங்கே குறிப்பிடவில்லை.

முதலாமவர் 'டர்போ'. வயசு இருபத்தாறு. எந்த காரைச் சொன்னாலும் எத்தனை குதிரை சக்தி என்று கேட்பார். இரண்டாமவர் 'டீசல்'. மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. மூன்றாமவர் 'மைலேஜ் ஸார்'. ரிடையராக இரண்டு வருஷம் பாக்கி. லிட்டருக்கு எவ்வளவு என்பதைத் தவிர வேறு கேள்வி அவருக்குத் தெரியாது.

நான் நாலாவது. பி.காம். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன். கொஞ்ச நாள் முன்பு வரை, டார்க் என்றால் இருட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதே உச்சரிப்பில் என்ஜினின் முறுக்கு விசையும் உண்டு என்று டர்போதான் கற்றுக் கொடுத்தார்.

எனக்கு அங்கே என்ன வேலை? கார் வாங்க வேண்டியிருந்தது ஸார்.

வீட்டில் அப்பா 1996-ல் பி.எஃப். லோன் போட்டு வாங்கிய மாருதி 800 நிற்கிறது. அப்பா போய் ஐந்து வருஷம் ஆகிறது. வண்டி இன்னும் ஒரே ஸ்டார்ட்டில் கிளம்பும். பிரச்னை அம்மாவின் முட்டி. அந்த வண்டிக்குள் உட்காருவது அம்மாவுக்குக் கிணற்றில் இறங்குகிற மாதிரி. வெளியே எடுக்க நானும் எதிர்வீட்டுக்காரரும் வேண்டும். ஆட்டோ தூக்கிப் போடுகிறது. ஆறு மாசமாக அம்மா கோயிலுக்குப் போகவில்லை. கேட்டால், "அங்க ஒரே கூட்டம்டா" என்பாள். காலை ஆறு மணிக்கு எந்தக் கோயிலில் கூட்டம்?

சரி, டீக்கடைக்கு வருவோம்.

"புதுசா வர்ற சின்ன காரெல்லாம் மோசடி ஸார்" என்று ஆரம்பித்தார் டர்போ. "ஸ்விஃப்ட்டைப் பாருங்க. நாலு சிலிண்டர் என்ஜின், வெண்ணெய் மாதிரி ஓடிச்சு. 2024-ல அதை எடுத்துட்டு மூணு சிலிண்டர் வெச்சுட்டான். மூணு சிலிண்டர்லாம் ஒரு என்ஜினா?"

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நாலு சிலிண்டர் என்ஜினில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வரும். ஒன்றின் உதறலை இன்னொன்று பெருமளவு தின்றுவிடும். மூன்றில் அந்த ஜோடிப் பொருத்தம் இல்லை. சிக்னலில் நிற்கும்போது ஸ்டீரிங்கில் ஒரு மெல்லிய நடுக்கம். பிறகு ஏன் மாற்றினார்கள்? ஒரு சிலிண்டர் குறைந்தால் உராய்வு குறையும், எடை குறையும், உதிரிப் பாகங்கள் குறையும். நமக்குப் பெட்ரோல் மிச்சம், கம்பெனிக்குக் காசு மிச்சம்.

மைலேஜ் ஸார் டம்ளரை வைத்தார். "தம்பி, 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்துதே, அதுல எத்தனை சிலிண்டர்?"

டர்போ பதில் சொல்லவில்லை.

"மூணு! 796 சி.சி. 2014 ஜனவரி வரைக்கும் போட்டான். இருபத்தஞ்சு லட்சத்துக்கு மேல வித்துது. உதறல் தாங்காம யாராச்சும் எறங்கி ஓடினாங்களா?"

இந்த இடத்தில் டீசல் பெருமூச்சு விட்டார். அவருடைய சோகம் தனி. 1248 சி.சி.யில் ஃபியட் கண்டுபிடித்த ஒரு டீசல் என்ஜின். ஃபியட் காரிலும் அதுதான், 2007 முதல் ஸ்விஃப்ட்டிலும் அதுதான், டாட்டாவின் விஸ்டாவிலும் அதுதான். போட்டிக் கம்பெனிகள் ஒரே என்ஜினை வைத்துக்கொண்டு சண்டை போட்டன. 'இந்தியாவின் தேசிய என்ஜின்' என்று கார் பித்தர்கள் செல்லமாகச் சொல்வார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்தது. டீசல் புகையைச் சுத்தம் பண்ணும் கருவிகளின் செலவை சின்ன காரின் விலை தாங்காது. மாருதி டீசலுக்கே கும்பிடு போட்டது.

"நல்ல என்ஜினைக் கொன்னுட்டாங்க ஸார்" என்றார் டீசல், சொந்தக்காரர் செத்துப்போன குரலில்.

எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பி.காம். விழித்துக்கொண்டது அப்போதுதான். மூவரும் என்ஜின், என்ஜின் என்கிறார்களே, அந்த என்ஜின் எவ்வளவு பெரிசாக இருக்கவேண்டும் என்று தீர்மானித்தது யார்? வீட்டுக்கு வந்து பழைய பட்ஜெட்டுகளைப் புரட்டினேன்.

2006 பட்ஜெட். நிதியமைச்சர் நம்ம சிவகங்கை ப.சிதம்பரம். சின்ன காருக்கு எக்ஸைஸ் வரியை 24 சதவிகிதத்திலிருந்து 16-ஆகக் குறைத்தார். சின்ன கார் என்றால்? நீளம் நாலு மீட்டருக்குள். பெட்ரோல் என்ஜின் 1200 சி.சி.க்குள், டீசல் 1500-க்குள். அவ்வளவுதான். அன்றைக்கு முதல் எல்லா கம்பெனியின் டிசைன் டிபார்ட்மெண்டிலும் ஒரு டேப் கூடுதலாக வாங்கியிருப்பார்கள்.

2005-ல் ஸ்விஃப்ட் வந்தபோது பெட்ரோல் என்ஜின் 1298 சி.சி. 2010-ல் 1197 ஆனது. டிசையர் காரின் நீளம் 4160 மில்லிமீட்டர். 2012-ல் டிக்கியில் கை வைத்து 3995 ஆக்கினார்கள். பின்னால் பார்த்தால் கத்தரித்த மாதிரி இருக்கும். கார் பித்தர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். நம் மறைமலை நகரில் தயாராகி 2013-ல் வந்த ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட், ஜீப் மாதிரி நிமிர்ந்து நிற்கும். நீளம் 3999. ஒரு மில்லிமீட்டர் மிச்சம்! இத்தனை சாமர்த்தியம் காட்டியும் 2022-ல் அந்த ஃபாக்டரியில் கார் தயாரிப்பு நின்றுபோனது வேறு கதை.

ஆக, நம் ஊர் என்ஜினில் பாதியை இன்ஜினியர் வரைகிறார், மீதியை வரித்துறை வரைகிறது. காலேஜில் காஸ்ட் அக்கவுன்டிங் எடுத்த புரொபசர் இதைச் சொல்லியிருந்தால் நான் அந்தப் பேப்பரில் அரியர் வைத்திருக்க மாட்டேன்.

மறுநாள் டீக்கடையில் இதைச் சொன்னேன். டர்போ அசரவில்லை. "அப்ப நானோ ஏன் தோத்துது? நீளமும் சின்னது, என்ஜினும் 624 சி.சி.தான். வரி லாபம் மொத்தமும் கிடைச்சுதே?"

நல்ல கேள்வி. 2008 ஜனவரியில் டில்லியில் ரத்தன் டாட்டா அந்தக் காரைக் காட்டியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஒரு லட்ச ரூபாய்க் கார். சிங்கூரில் நில விவகாரம், ஃபாக்டரியை குஜராத் சனந்துக்கு மாற்றினார்கள். பத்து வருஷத்தில் கதை முடிந்தது.

பதில் மைலேஜ் ஸாரிடமிருந்து வந்தது. "வெல கொறைச்சலான கார்னு சொல்லி வித்தான். நம்ம ஆளு கடன் வாங்கி கார் வாங்கறதே எதிர்வீட்டுக்காரன் பார்க்கத்தான். 'ஊர்லயே மலிவானதை வாங்கியிருக்கான்'னு அவன் சொல்லணுமா?" அந்த 'மலிவு' முத்திரை தப்பாகப் போனது என்பதை ரத்தன் டாட்டாவே பிற்பாடு ஒப்புக்கொண்டார். டீ மாஸ்டர்கூடத் தலையாட்டினார்.

இதற்கிடையில் எனக்கு ஒரு அதிர்ஷ்டம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம் என்றார்கள். அதற்கு முன் சின்ன பெட்ரோல் காருக்கு செஸ் சேர்த்து 29. அடக்க விலை ஐந்து லட்சம் என்றால் வரி ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்திலிருந்து தொண்ணூறாயிரமாகிறது. ஐம்பத்தைந்தாயிரம் மிச்சம். வரம்பு என்ன தெரியுமோ? அதே நாலு மீட்டர், அதே 1200, 1500.

பாங்க்கில் சம்பளச் சீட்டு கேட்டார்கள். எழுத்தாளனுக்கு ஏது சம்பளச் சீட்டு? மூன்று வருஷ வருமான வரிக் கணக்கைக் கொடுத்தேன். மானேஜர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் எந்தப் பத்திரிகைக்கும் எழுதப்போவதில்லை. லோன் கிடைத்தது, அது போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப்போனோம். 800-ஐ ஓட்டி வந்தவர் டர்போ. "பழைய வண்டி, கை பார்க்கறேன்" என்று அவரே சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

விற்பனைப் பையன் அம்மாவிடம் பவர், டார்க், டச் ஸ்கிரீன் எல்லாம் ஒப்பித்தான். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கதவைத் தொறப்பா" என்றாள். முதல் காரில் உட்கார்ந்தாள், எழுந்திருக்க என் தோள் வேண்டியிருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, கூரை உயரமாக, சீட் இடுப்பு உயரத்தில் இருக்கும் ஒரு கார். பேர் சொன்னால் விளம்பரமாகிவிடும். அம்மா பக்கவாட்டில் உட்கார்ந்து காலைத் திருப்பினாள். பிறகு யாரையும் தொடாமல் எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். குழந்தை ஊஞ்சலைச் சோதிப்பது போல நாலு தடவை.

"இது போதும்டா" என்றாள்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தபோது, அதன் உயரமான உருவத்தைக் கேலி செய்தவர்கள் நிறைய. ஆனாலும் நன்றாக விற்றது. அது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

என்ஜினைக் கேட்டேன். ஒரு லிட்டர், மூணு சிலிண்டர். டர்போவிடமிருந்து கேலியை எதிர்பார்த்துத் திரும்பினால் ஆளைக் காணோம். வெளியே 800-ன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்.

"ஸார், இதை எக்ஸ்சேஞ்சுல போட்டுடாதீங்க. நான் எடுத்துக்கறேன். என்ன ஸார் இழுப்பு! என்ன ஸார் சவுண்டு!"

"தம்பி, அது மூணு சிலிண்டர்."

"தெரியும் ஸார்" என்றார் டர்போ, தலை நிமிராமல். "மைலேஜ் ஸார்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."