தம் தீர்ப்பைத் தாமே திருத்திய நீதியரசர்

தாம் எழுதிய தீர்ப்பைப் பிழையென்று ஒரு நீதியரசரே பின்னர் உரைத்தால், அது நீதிமன்றத்துக்கு இழுக்கா, பெருமையா? இவ்வினாவுக்கு விடை காண, கலிபோர்னியா மாநில உயர் நீதிமன்றத்தில் 1940 முதல் 1970 வரை வீற்றிருந்த ரொஜர் ட்ரெய்னரின் வாழ்வை நோக்குவோம்.

அமெரிக்காவில் சமஷ்டி உயர் நீதிமன்றத்தோடு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியே உயர்ந்த நீதிமன்றம் உண்டு. கலிபோர்னியாவில் ஆளுநர் ஒருவரை நியமிப்பார். ஆணைக்குழுவொன்று அதனை உறுதிசெய்யும். பின்னர் பொதுத் தேர்தலில் வாக்காளர் 'ஆம்' அல்லது 'இல்லை' எனத் தீர்ப்பளிப்பர். முழுப் பதவிக்காலம் 12 ஆண்டுகள். இது வெறுஞ் சடங்கன்று. 1986 இல் பிரதம நீதியரசர் உட்பட மூவரை மக்கள் வாக்கால் அகற்றினர்.

ட்ரெய்னர் 1900 இல் யூட்டா மாநிலத்துச் சுரங்க ஊரொன்றிற் பிறந்தவர். பெர்க்லியிற் கற்று, அங்கேயே சட்டப் பேராசிரியரானார். நீதிபதியாக இருந்த அனுபவமின்றியே உயர் நீதிமன்றம் புகுந்தார்.

1944 இல், பானப் போத்தல் கையில் வெடித்துக் காயமுற்ற உணவகப் பணிப்பெண்ணின் வழக்கு வந்தது. உற்பத்தியாளரின் கவனயீனத்தை ஊகிக்கலாமென்று மன்றம் அவளுக்குச் சார்பாகத் தீர்த்தது. ட்ரெய்னரோ, கவனயீனம் நிறுவப்படாவிடினும் பழுதுற்ற பொருளுக்கு உற்பத்தியாளரே பொறுப்பென்று தனித்து எழுதினார். 19 ஆண்டுகளின் பின், 1963 இல், மரவேலைக் கருவி வழக்கொன்றில் அதுவே மன்றத்தின் ஏகமனதான முடிபாயிற்று.

1948 இல், வெள்ளையரும் பிற இனத்தவரும் மணம் புரிவதைத் தடுத்த மாநிலச் சட்டம் செல்லாதென்ற தீர்ப்பில் முதன்மை உரையை வரைந்தவர் அவரே. நால்வர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக மன்றம் பிரிந்திருந்தது. நாடு முழுவதும் அத்தகைய தடைகள் வீழ்ந்தது 1967 இலேதான்.

இனி நம் வினாவுக்கு வருவோம். பொலிஸார் சட்டவிரோதமாகத் தேடி எடுத்த சான்றையும் வழக்கில் ஏற்கலாமென்று 1942 இல் எழுதியவர் ட்ரெய்னர். 1955 இல், வீடுகளில் இரகசியமாக ஒலிவாங்கிகளைப் பொருத்திச் சூதாட்டக் குழுவொன்றைப் பிடித்த வழக்கு வந்தது. அத்தகைய சான்று ஏற்கப்படாதென்று இம்முறை அவரே தீர்ப்பெழுதினார். குற்றவாளி தப்பிவிடுவானே என்ற ஆட்சேபத்தை அவர் அறியாதவரல்லர். ஆனால் அரசியலமைப்பைக் காவலர் மதிக்கச் செய்ய வேறு பரிகாரங்கள் முற்றாகத் தவறிவிட்டன என்பதை இடைப்பட்ட ஆண்டுகள் அவருக்குக் காட்டின. ஆறாண்டுகளின் பின், 1961 இல், சமஷ்டி உயர் நீதிமன்றமும் எல்லா மாநிலங்களுக்கும் அவ்விதியை விதித்தது.

1964 இற் பிரதம நீதியரசராகிய அவர், 1970 இல் ஓய்வுபெற்று, 1983 இல் மறைந்தார்.

மக்கள் ஆரவாரத்துக்கு அஞ்சித் தீர்ப்பை மாற்றுவது இழுக்கு. ட்ரெய்னர் அனுபவம் காட்டிய உண்மைக்குப் பணிந்தார். மாற்றத்துக்குரிய காரணத்தையும் யாவரும் படிக்க எழுதிவைத்தார். அதனால் நீதிமன்றத்தின் பெருமை குறையவில்லை, வளர்ந்தது.