சங்கத்தின் இரகசியம்: மறைப்பதும் திறப்பதும்

காரிமங்கலம் மாட்டுச் சந்தைக்குச் சென்றவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். தரகர் தம் தோள்துண்டை விரித்து, வாங்குவோர் கையையும் தம் கையையும் அதன்கீழ் மறைத்துக்கொள்வார். வாய் பேசாது, விரல்களே பேசும். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இருவருக்கே தெரியும். ஆனால் மாட்டின் பல்லையும் சுழியையும் எவரும் மறைப்பதில்லை. அவை பட்டப்பகலில் யாவரும் பார்க்க நிற்கும்.

சங்கம் தோறும் ஆய்வுக்குச் சென்றுவரும் நமக்கு இத்துண்டு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. மறைக்க வேண்டியதைத் தெருவில் விட்டுவிட்டு, திறந்து வைக்க வேண்டியதைப் பெட்டியில் பூட்டுகின்ற சங்கங்கள் சில உள. ஆதலின் தொழில் இரகசியம் என்பது யாது, அது எவ்வாறு கைமாறுகிறது, அதனைக் காப்பது எங்ஙனம் என்பவற்றை நெசவாளர்களும் சாகுபடியாளர்களும் அறிந்திருத்தல் நலம்.

சாயத்தைத் தேடி வந்தவர்கள்

வள்ளுவர் ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்தார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் வணிகர் வேடத்தில் திரியும் ஒற்றரைப் பற்றி விரித்துரைக்கிறது. ஆயினும் ஒற்று என்பது படைபலத்தை அறிவதோடு நிற்பதன்று. ஒரு நாட்டின் கைத்தொழிலும் அதற்கு இலக்காகும் என்பதற்கு நம் சோழமண்டலக் கரையே சான்று.

துவைத்தாலும் நிறம் மங்காத நம் சாயத் துணிகள் 17 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை மயக்கின. அங்குள்ள நெசவாளர்கள் பிழைப்புக்கு அஞ்சி முறையிட, 1686 இல் பிரெஞ்சு அரசு அத்துணிகளைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1700 இலும் 1721 இலும் சட்டம் இயற்றிற்று. தடை ஒரு புறம் இருக்க, செய்முறையை அறியும் முயற்சி மறுபுறம் நடந்தது. 1734 அளவில் பொலியூ என்னும் பிரெஞ்சுக் கப்பற்படை அதிகாரி புதுச்சேரியில் சாயத் தொழிலாளரைக் கொண்டு தம் கண்முன் வேலை செய்வித்தார். ஒவ்வொரு படி முடிந்ததும் துணியில் ஒரு துண்டைக் கத்தரித்துக் குறிப்புடன் சேர்த்துக்கொண்டார். அத்துண்டுகள் இன்றும் பாரிஸில் உள்ளன.

1742 இல் கேர்தூ என்னும் பாதிரியார் இக்கரையிலிருந்து எழுதிய நீண்ட கடிதம் பாரிஸில் அச்சேறிற்று. எருமைப் பாலும் கடுக்காயும் கலந்து துணியைப் பதப்படுத்துதல், படிகாரம் இடுதல், சாயவேரால் சிவப்பேற்றுதல், மெழுகு பூசி நீலத்தில் தோய்த்தல் ஆகியவை அதில் வரிசையாக விளக்கப்பட்டிருந்தன. அவற்றை அவருக்குச் சொன்னவர்கள், புதிதாக அவர் சமயத்தைத் தழுவிய சாயத் தொழிலாளர்களே. அவர்கள் காசுக்கு விற்றவர்கள் அல்லர், நம்பிக்கையினால் சொன்னவர்கள். தடை 1759 இல் நீங்கியது. மறு ஆண்டே பாரிஸுக்கு அருகில் ஜூயீ என்னும் ஊரில் ஓபர்காம்ப் என்பவர் புகழ்பெற்ற அச்சுத் துணித் தொழிற்சாலையைத் தொடங்கினார். அந்தக் கடிதம் ஒன்றே இதற்குக் காரணம் என்பது மிகை. ஆர்மீனியத் தொழிலாளர் வழியாகவும் இக்கலை மார்ஸேல் துறைமுகத்தை முன்னமே எட்டியிருந்தது. ஆயினும் பலர் பல வழியில் கொண்டுசென்றது ஒரே பொருளை என்பது தெளிவு.

பின்னர் 1866 இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணி மாதிரிகள் 700 ஐ 18 தொகுதிகளாகக் கட்டினார். இத்தகைய 20 தொகுப்புகளில் 13 பிரிட்டனிலும் 7 இந்தியாவிலும் வைக்கப்பட்டன. நம் வேட்டிக்கும் புடவைக்கும் எந்தக் கரை பிடிக்கும் என்பதை ஆலை முதலாளிகள் தம் ஊரில் இருந்தபடியே விரித்துப் பார்த்தனர். இதில் ஒளிவு மறைவு ஏதுமில்லை. அரசே செய்த காரியம் இது.

நாம் இழந்தவர்கள் மட்டும் அல்லர் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சீனர் நெடுங்காலம் காத்த பட்டுப்புழுவின் முட்டைகளை, 6 ஆம் நூற்றாண்டில் துறவிகள் சிலர் கைத்தடிக்குள் ஒளித்து ஜஸ்டினியன் பேரரசனிடம் சேர்த்தனர் என்பர். மைசூர் நாட்டில் பட்டுப்புழு வளர்ப்பைத் தொடங்கி வைத்தவர் திப்பு சுல்தான். 1792 வரை நம் பாராமகால் அவர் ஆட்சியில்தான் இருந்தது. இன்று தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடை சுமந்து வரும் குடியானவர் ஒவ்வொருவரும், எங்கோ எவரோ காத்துக் கைநழுவவிட்ட ஓர் இரகசியத்தினால் பிழைக்கிறார். எந்த நுட்பமும் என்றைக்கும் ஒரே இடத்தில் தங்காது. அது போகுமுன் நமக்குரிய பயனைப் பெற்றோமா என்பதே கேள்வி.

பூட்டு உடைவதில்லை

1985 ஜனவரியில் புதுதில்லியில் ஓர் ஒற்று வழக்கு வெளிப்பட்டது. பிரதமர் அலுவலகத்து அந்தரங்கக் காகிதங்கள் வெளியே சென்று நகல் எடுக்கப்பட்டுத் திரும்பி வந்திருந்தன. இரும்புப் பெட்டியை எவரும் உடைக்கவில்லை. சிறு பதவியில் இருந்த ஊழியர்களைப் பணத்தாலும் மதுவாலும் வசப்படுத்தியதே போதுமானதாயிற்று. தம் மீது குற்றச்சாட்டு ஏதும் இல்லாதிருந்தும், பிரதமரின் முதன்மைச் செயலர் பி. சி. அலெக்சாண்டர் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பின்னாளில் தமிழ்நாட்டின் ஆளுநராக இருந்தவர் இவரே. 1923 ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டம் அன்று நடைமுறையில்தான் இருந்தது. ஆயினும் சட்டம் காகிதத்தைக் காக்கவில்லை.

சங்கங்களில் இந்த அளவு முயற்சியும் தேவைப்படுவதில்லை. சாகுபடியாளர் சங்கம் ஒன்றில், மறைமுக ஏலத்துக்கு முன்தினம் மாலை நிர்வாகக் குழு கூடிப் பருத்திக்குக் கீழ்விலை நிர்ணயித்தது. மறுநாள் பெட்டியைத் திறந்தால், வியாபாரிகள் அத்தனை பேரின் சீட்டுகளும் அந்த விலைக்குச் சற்றே மேலாக அடுத்தடுத்து நின்றன! எவரும் கையூட்டுப் பெறவில்லை. விசாரித்ததில், கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நடந்த பேச்சே காரணம் என்று தெரிந்தது. மூன்று மாதம் வெயிலில் நின்றவரின் உழைப்பு ஒரு குவளைத் தேநீரோடு போயிற்று.

இதற்கு நேர்மாறானது நெசவாளர் சங்கம் ஒன்றில் கண்டது. அங்கிருந்த முதிய சாயக்காரர் ஒருவர் தாம் ஏற்றும் அரக்குச் சிவப்பின் அளவை எவரிடமும் சொல்லார். உடன் நின்ற தம் சகோதரி மகனைக்கூட, கலவை சேர்க்கும் நேரத்தில் வெளியே அனுப்பிவிடுவார். ஒருநாள் அவர் திடீரெனக் காலமானார். பாதி நெய்த புடவைகள் தறியில் நிற்க, அந்நிறம் மீண்டும் வரவேயில்லை. ஒற்றர் எவரும் வாராமலே சங்கம் தன் இரகசியத்தை இழந்தது. ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும் இரகசியத்துக்குக் காவல் உண்டு என எண்ணுவது மயக்கம்.

எழுத்தே காவல்

எழுத்தில் உள்ளது எத்தகைய காவல் என்பதை மஞ்சள் வழக்கு காட்டியது. புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995 இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் பாட்டிமார் அறிந்த வைத்தியம் இது என்று சொன்னால் மட்டும் போதவில்லை. அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும் 1953 இல் அச்சான மருத்துவக் கட்டுரையையும் சான்றாக வைத்து வாதாடியது. அதன் பின்னரே 1997 இல் அவ்வுரிமை ரத்தாயிற்று.

நெசவாளர்கள் அறியவேண்டிய சட்டம் வடிவமைப்புச் சட்டம், 2000. புதிய கரைக்கோ முந்தானைக்கோ அதன்கீழ்ப் பதிவு பெற்றால் 10 ஆண்டுகளும், புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டுகளும் உரிமை உண்டு. ஆனால் விண்ணப்பிக்கும் முன்னர் வடிவம் வெளியாகியிருத்தல் கூடாது. சில அறிவிக்கப்பட்ட கண்காட்சிகளுக்கு மட்டும் நிபந்தனையுடன் விலக்கு உண்டு. புதுக் கரையை முதலில் கைபேசியில் படமெடுத்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டுப் பிறகு பதிவைப் பற்றி யோசிப்பவர், விதைநெல்லை உண்டுவிட்டு ஏர் பூட்டுபவர் ஆவார். பரம்பரை வடிவங்களுக்கு இச்சட்டம் உதவாது. அவற்றின் பெயருக்கு, காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்ததுபோலப் புவிசார் குறியீடு உண்டு. குடியானவர் பேணிவந்த விதை இரகங்களுக்கு 2001 ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் உண்டு. தொழில் இரகசியத்துக்கெனத் தனிச்சட்டம் வேண்டும் எனச் சட்ட ஆணையம் 2024 இல் பரிந்துரைத்தது. சட்டத்தை எதிர்பார்த்திராமல், சாய அளவையும் அச்சுக் கணக்கையும் ஒரு பதிவேட்டில் எழுதி, செயலாளரும் தலைவரும் ஆளுக்கொரு சாவி வைத்திருக்கும் பெட்டியில் வைப்பது இன்றே செய்யத்தக்கது. கீழ்விலையை முன்தினம் பேசாது, ஏலப் பெட்டி திறப்பதற்குச் சற்று முன்னர் நிர்ணயித்து உறையிலிட்டு முத்திரை வைப்பதும் அவ்வாறே.

பூட்டக் கூடாதவை

இத்தனையும் சொன்னபின் மற்றொன்றைச் சொல்லாது விடுதல் முறையன்று. ஒரு சங்கத்தில் அங்கத்தினர் ஒருவர் எடைப் பேரேட்டைக் காட்டுமாறு கேட்டார். "அது சங்க இரகசியம், அண்ணா" என்ற விடையே அவருக்குக் கிடைத்தது. நாம் அப்பேரேட்டைத் திறந்து பார்த்தோம். அவர் கொண்டுவந்த மூட்டைக்கும் வரவு வைத்த எடைக்கும் இடையே கிலோக் கணக்கில் வேறுபாடு இருந்தது. இரகசியம் என்ற சொல் அங்கே சங்கத்தைக் காக்கவில்லை. சங்கத்தின் உடைமையாளரையே வெளியில் நிறுத்திற்று.

சங்கத்துக்கு வெளியே உள்ளவர் அறிந்தால் அங்கத்தினருக்கு நட்டம் விளையுமாயின், அதனை மறைத்தல் கடமை. அங்கத்தினர் அறிந்தால் நிர்வாகிக்கு மட்டும் சங்கடம் விளையுமாயின், அது இரகசியமே அன்று. எடை, கூலி, நூல் இருப்பு, பங்குத்தொகை, தணிக்கை அறிக்கை ஆகிய யாவும் இவ்வகையின. அடுத்த பொதுக்குழுவுக்கு வரும் அங்கத்தினர்கள் தங்கள் பெயருக்கு நேரே உள்ள வரியைத் தாங்களே படித்துப் பார்க்க வேண்டுகிறோம். எழுத்தறியாதவர் பிள்ளைகளை உடன் அழைத்து வரலாம்.